கிராஃப்ட் வைத்தவரின் ரத்தத்தில் அரிய பாக்டீரியா: எங்கே தேடுவது, எதைக் கேட்பது

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை உண்டு. சொந்தமாக நெல் வயல் வைத்திருக்கிறார். 3 வருடத்துக்கு முன் வயிற்றுப் பெருந்தமனி வீங்கியதால் வயிற்றைத் திறந்து டேக்ரான் கிராஃப்ட் என்ற செயற்கை ரத்தக்குழாய் வைத்தார்கள். 2 மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல், நடுமுதுகில் வலி, எடைக் குறைவு. ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ‘சூடோமோனாஸ் இனம், மாசாக இருக்கலாம்’ என்று, அதாவது வெளியிலிருந்து கலந்த கிருமியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போட்டதும் காய்ச்சல் நின்றது. நிறுத்திய பத்தாம் நாள் திரும்பியது. கிருமி கிராஃப்ட்டில்தான் இருக்கிறதா? அடுத்து என்ன கேட்க வேண்டும்?

கிராஃப்ட் உள்ள ஒருவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் இருந்து, ரத்தத்தில் ஒரு கிருமியும் முளைத்தால், அது கிராஃப்ட்டில் குடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இல்லை என்று காட்டுவது பரிசோதனைகளின் வேலை. உங்கள் அப்பா விஷயத்தில் இன்னும் குறிப்பாகவே சொல்லலாம். சர்க்கரை, வயல் வேலை, அரைகுறையாகப் பெயரிடப்பட்ட ‘சூடோமோனாஸ் இனம்’, மருந்தை நிறுத்தியதும் திரும்பிய காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால், முதலில் உறுதி செய்யவோ விலக்கவோ வேண்டியது மெலியாய்டோசிஸ். அதை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமாலே என்ற பாக்டீரியாவைப் பல லேப்கள் இன்றும் சூடோமோனாஸ் என்றே எழுதிவிடுகின்றன. பழைய பெயர்ப்படி அதுவும் சூடோமோனாஸ்தான். குழப்பம் அங்கிருந்தே வருகிறது.

மற்றதைப் படிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. ரத்த வாந்தியோ கருப்பு மலமோ வந்தால், அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், தானாகவே நின்றுவிட்டாலும், அன்றைக்கே ரத்தக்குழாய் அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெருந்தமனி கிராஃப்ட்டின் மேல்முனைத் தையல் இருக்கும் இடத்துக்கு நேர் முன்னால், சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் மூன்றாம், நான்காம் பகுதிகள் படிந்து கிடக்கின்றன. கிராஃப்ட் குடல் சுவரை அரித்துத் துளைத்துவிட்டால் முதலில் கொஞ்சம் கசியும், உறைந்து நிற்கும், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்துப் பெருக்கெடுக்கும். வழக்கமான எண்டோஸ்கோபி டியோடினத்தின் இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். ‘புண் ஒன்றும் இல்லை’ என்ற ரிப்போர்ட் இந்த நிலையில் ஆறுதல் தராது. ‘கிராஃப்ட் உள்ளவர், டியோடினத்தின் கடைசி வரை பாருங்கள்’ என்று சொல்லியாக வேண்டும். ரத்தம் வராமல், குடல் கிருமிகள் மட்டும் ரத்தத்தில் மாறி மாறி முளைப்பதும் இதே துளையின் அடையாளமாக இருக்கலாம். இன்று ஈ.கோலை, அடுத்த முறை என்ட்டரோகாக்கஸ், பிறகு கேண்டிடா என்று வந்தால் குடலைச் சந்தேகியுங்கள்.

இனி, கிராஃப்ட்டில் கிருமி ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது. டேக்ரான் என்பது பாலியெஸ்டர் நூலால் நெய்த குழாய். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கையில் வைப்பது பெரும்பாலும் பிடிஎஃப்இ என்ற வேறு பொருள். இரண்டுக்கும் உயிரில்லை, அவற்றின் சுவருக்குள் ரத்த ஓட்டமும் இல்லை. நம் ரத்தக்குழாயின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய உயிரணு விரிப்பு, மனிதர்களில் தையல் முனைகளிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர்தான் கிராஃப்ட்டுக்குள் வளர்கிறது. நடுப்பகுதி வருடங்கள் கழிந்தாலும் உறைபுரதம் பூசிய துணியாகவே இருக்கும். ரத்தத்தில் மிதந்து வரும் கிருமி அங்கே ஒட்டினால், தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பெருகுவதை மந்தப்படுத்திக்கொள்ளும். பெருகும் கிருமியைத்தான் பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் கொல்லும். ஊசி போட்டதும் ரத்தத்தில் உதிர்ந்தவை சாகின்றன, காய்ச்சல் நிற்கிறது. படலத்துக்குள் இருப்பவை பிழைத்து, மருந்து நின்றதும் மறுபடி உதிர்கின்றன. அப்பாவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு: கொடுத்தது செஃப்ட்ரியாக்சோனாக இருந்தால், மெலியாய்டோசிஸ் கிருமியை அது கொஞ்சம் அடக்கும், ஒழிக்காது. எந்த ஊசி, எத்தனை நாள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள்.

மெலியாய்டோசிஸ் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வருவது. 1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இதைக் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் 1927-லேயே ஒரு நோயாளி பதிவானார். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதைப் பல ஆண்டுகளாகக் கண்டறிந்து எழுதிவருகிறது. ஆக இது தாய்லாந்து நோயோ ஆஸ்திரேலிய நோயோ மட்டும் அல்ல. காலில் வெடிப்போடு சேற்றில் நிற்பது, மழைக்காலத்தில் புழுதியும் நீர்த்துளியும் மூச்சில் போவது, அந்த நீரைக் குடிப்பது ஆகியவை வழிகள். சர்க்கரை நோய்தான் மிகப் பெரிய துணைக் காரணம். நெஞ்சு எக்ஸ்ரேயில் டிபி போலவே தெரியும். சளியில் டிபி கிருமி இல்லாமலேயே டிபி மாத்திரை தொடங்கப்பட்டவர்கள் நிறைய. கிராஃப்ட் இல்லாதவர்களிலும் இது பெருந்தமனிச் சுவரைத் தாக்கிச் சீழோடு வீங்க வைக்கும். ஆகவே 3 வருடத்துக்கு முன் எடுத்த அந்த வீக்கமே கிருமியால் வந்ததா என்றும் கேளுங்கள். அப்போதைய திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடி எடுப்பது வீண்வேலை அல்ல.

லேப்பில் இது எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொண்டால் கேட்க வேண்டியது தானாகவே புரியும். கிருமியை நுண்ணோக்கியில் பார்க்கப் போடும் கிராம் சாயத்தில் இது சிவந்த குச்சி; இரு முனையும் சாயம் பிடித்து நடு வெளிறி, மூடிய ஊக்கு போலத் தெரியும். எல்லா ஸ்லைடிலும் அப்படித் தெரியாது. கிருமி வளர்க்கும் சாதாரணத் தட்டில் முதல் நாள் பனித்துளி போலச் சின்னப் புள்ளிகள்; பார்த்ததும் பெயர் சொல்லும்படி எதுவும் இருக்காது. ஜென்டமைசினும் படிக வயலெட்டும் கலந்த ஆஷ்டவுன் தட்டில் விட்டால் சில நாளில் ஊதா நிறத்தில், காய்ந்த பூவிதழ் போலச் சுருங்கிய புள்ளிகள் வரும். அந்தத் தட்டு எல்லா லேப்பிலும் இருப்பதில்லை. தானியங்கிக் கருவிகள் சிலசமயம் இதை பர்கோல்டேரியா செபேசியா என்றோ, பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்றோ பெயரிட்டுவிடும். ஆனால் கருவி எதுவும் இல்லாத லேப்பிலும் பிடிக்க ஒரு வழி உண்டு: ஆக்சிடேஸ் என்ற சோதனையில் பாசிடிவ்வான கிராம் நெகடிவ் (கிராம் சாயத்தில் சிவக்கும்) குச்சி, ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் கட்டுப்படாது, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படும். இந்த மூன்றும் பொருந்தினால், வேறு ஏதோ என்று நிரூபிக்கப்படும் வரை அது சூடோமாலேதான். மருத்துவமனைகளில் சாதாரணமாகக் காணும் சூடோமோனாஸ் ஏருஜினோசா இதற்கு நேர்மாறு: கோலிஸ்டினுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படாது. கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டின் மருந்துப் பட்டியலில் இந்த மூன்று வரிகளையும் இன்றே பாருங்கள். லேப்பில் அந்தக் கிருமியை இன்னும் எறியாமல் வைத்திருந்தால், உறுதி செய்யப் பெரிய மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகத்தை லேப்புக்கு முன்கூட்டியே சொல்வது அங்கே வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்பு. தட்டைத் திறந்து மோந்து பார்க்கும் பழக்கம் இந்தக் கிருமியோடு ஆபத்தானது.

அடுத்தது புதிய ரத்தக் கல்ச்சர். அப்பாவின் ரத்த அழுத்தம் சரியாக இருந்து, நினைவும் தெளிவாக இருந்தால், புதிய ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் 3 செட் எடுக்க வேண்டும். ஒரு செட் என்றால் இரண்டு பாட்டில். ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மி.லி. ரத்தம். 3 செட்டையும் தனித்தனி இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஒரே கையில் ஒரே ஊசியில் எடுத்து ஆறு பாட்டிலில் பிரிப்பது 3 செட் ஆகாது. 2 மி.லி. ரத்தத்தை விட்டுவிட்டு ‘கிருமி இல்லை’ என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பெரியவர்களின் ரத்தத்தில் 1 மி.லி.க்கு ஒரு கிருமிகூட இல்லாத நிலை உண்டு. அளவு குறையக் குறையக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் குறையும். குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் தோலைத் துடைத்து 30 நொடி காய விட வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் மூடி இருந்ததால் அது சுத்தம் என்று நினைத்துப் பலர் துடைப்பதில்லை. காய்ச்சல் உச்சிக்கு வரக் காத்திருக்கத் தேவையில்லை. கிராஃப்ட்டில் ஒட்டிய கிருமி ரத்தத்தில் தொடர்ந்து உதிர்ந்துகொண்டிருக்கும். 3 செட்டிலும் ஒரே கிருமி முளைத்தால் அதை மாசு என்று யாராலும் ஒதுக்க முடியாது. அழுத்தம் சரிந்திருந்தால் மட்டும் இவ்வளவு நிதானம் கூடாது: இரண்டு கையிலும் உடனே எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும்.

லேப் சீட்டில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் லேப் அந்த அளவுக்குத்தான் தேடும். மருத்துவரிடம் இப்படி எழுதித் தரக் கேளுங்கள்: ‘வயிற்றுப் பெருந்தமனியில் டேக்ரான் கிராஃப்ட், 3 வருடம். சர்க்கரை நோயாளி, நெல் விவசாயி. மெலியாய்டோசிஸ் சந்தேகம். வளரும் எதையும் மாசு என்று ஒதுக்கும் முன் பேசவும். பாட்டிலை 5 நாளில் எடுக்க வேண்டாம், 14 நாள் வைக்கவும்.’ மெலியாய்டோசிஸ் கிருமி பொதுவாக இரண்டு மூன்று நாளிலேயே முளைத்துவிடும். 14 நாள் கேட்பது மற்ற மெதுவான கிருமிகளுக்காக. இதோடு தொண்டை, மலவாய், சிறுநீர், சளி, ஏதாவது சீழ் இருந்தால் அது என எல்லாவற்றிலிருந்தும் ஆஷ்டவுன் தட்டில் கல்ச்சர் போட்டால் பிடிக்கும் வாய்ப்பு கூடும். இந்தக் கிருமி மாசாக வருவதில்லை. உடம்பின் எந்த இடத்தில் முளைத்தாலும் அது நோய்தான்.

மெலியாய்டோசிஸ் இல்லை என்று ஆனால்? கிராஃப்ட்டைப் பிடிக்கும் கிருமிகளில் பெரும்பான்மை ஸ்டாஃபைலோகாக்கஸ்தான். அதைப் பற்றி எல்லா மருத்துவமனையிலும் தெரியும். அரியவற்றில்தான் பெயரைத் தெரிந்துகொள்வதன் பயன் பெரிது. எங்கிருந்து வந்தது, எந்த மருந்து வீண் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சால்மோனெல்லாவுக்குக் கெட்டுப்போன ரத்தக்குழாய்ச் சுவர் மீது தனிப் பிடிப்பு உண்டு. டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லா 50 வயதைத் தாண்டிய ஒருவரின் ரத்தத்தில் முளைத்தால், வயிற்றுப்போக்கு இருந்ததோ இல்லையோ, பெருந்தமனியை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். கிராஃப்ட் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே பெருகும் கிருமி. கிராம் சாயத்தில் தோலில் வாழும் டிஃப்தீராய்டு போலவே இருப்பதால் ‘தோல் மாசு’ என்று ஒதுக்கப்படுகிறது. செஃப்ட்ரியாக்சோன் உட்பட செஃபலோஸ்போரின் எதுவும் இதன்மேல் வேலை செய்யாது. ஆம்பிசிலின் 2 கிராம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும். மாசு என்று ஒதுக்கிவிட்டுச் செஃப்ட்ரியாக்சோனைத் தொடர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தவறு.

கேம்பைலோபாக்டர் ஃபீட்டஸ் மாடு, ஆடுகளிடமிருந்து வருவது. ரத்தக்குழாயின் உட்சுவரை நாடும். இதன் தடயம் ஒரு வினோதமான ரிப்போர்ட்: ‘கருவி பாசிடிவ் காட்டியது, கிராமில் எதுவும் இல்லை, தட்டில் வளர்ச்சி இல்லை.’ கடல்பறவையின் விரித்த சிறகு போல வளைந்த அந்த மெல்லிய குச்சி வழக்கமான சஃப்ரானின் சாயத்தை மங்கலாகத்தான் பிடிக்கும். கார்பால் ஃபுக்சின் கொண்டு மறுபடி சாயமிட்டால் தெரியும். ஆக்சிஜன் குறைந்த சூழலில், 37 டிகிரியில் வளர்க்க வேண்டும். மலத்தில் கேம்பைலோபாக்டர் தேடும் தட்டுகள் 42 டிகிரியில் வைக்கப்படுபவை. அங்கே இந்த இனம் பெரும்பாலும் வளராது. ஆகவே மலப் பரிசோதனை இல்லை என்று சொன்னதை வைத்து இதை விலக்கக் கூடாது. செஃபலோஸ்போரின்களை நம்ப முடியாது. மெரோபெனம் அல்லது இமிபெனம்தான் பெரும்பாலோர் எடுப்பது.

கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா பர்னெட்டி சாதாரண பாட்டிலில் எத்தனை நாள் வைத்தாலும் முளைக்காது. 2007 முதல் 2010 வரை நெதர்லாந்தில், குறிப்பாக வடக்கு பிரபான்ட் பகுதியில், பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கியூ காய்ச்சல் வந்தது. கொள்ளைநோய் அடங்கிய பிறகும் வருடக்கணக்கில் அங்கே பெருந்தமனி வீக்கமும் கிராஃப்ட்டும் உள்ளவர்களில் நாட்பட்ட கியூ காய்ச்சல் வெளிப்பட்டுக்கொண்டே இருந்தது. முதல் காய்ச்சலே வந்த நினைவு இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. ஈனும் ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கிருமி ஏராளம். காய்ந்த தூசியாகிக் காற்றில் போகும். வீட்டில் ஆடு குட்டி போட்டதா என்று கேட்பது அதனால்தான். கண்டுபிடிப்பது எதிர்ப்பொருள் பரிசோதனையில்: ஃபேஸ் 1 ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவு 1:1024 அல்லது அதற்கு மேல் இருந்து, கிராஃப்ட்டும் இருந்தால் சந்தேகம் பலமாகும். ரத்த பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பாசிடிவ் என்றால் உறுதி. நெகடிவ் என்றால் விலக்க முடியாது. டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளையும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி. மூவேளையும், கிராஃப்ட் உள்ளவருக்குப் பெரும்பாலும் 24 மாதம். இரண்டாவது மாத்திரை கிருமியைக் கொல்வதற்காக அல்ல. கிருமி ஒளிந்திருக்கும் உயிரணு அறையின் அமிலத்தைக் குறைத்து டாக்சிசைக்ளினை வேலை செய்ய வைக்கிறது. கண் விழித்திரைப் பரிசோதனையும் இசிஜியும் அவ்வப்போது வேண்டும்.

நெஞ்சைத் திறந்து இதய வால்வோ, பெருந்தமனியின் ஏறுபகுதியில் கிராஃப்ட்டோ வைத்தவர்களுக்கு இன்னொரு பெயர்: டிபி கிருமியின் இனத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் கைமேரா. அறுவை அரங்கில் ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் வைக்கும் கருவியின் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்து, அதன் விசிறிக் காற்றோடு நுண்துளியாகப் பறந்து திறந்த நெஞ்சில் விழுந்தது. இந்தத் தொடர்பை சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். அறுவைக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்தும், சிலருக்கு அதற்கும் மேல் கழித்தும் காய்ச்சல் தொடங்கும். மைக்கோபாக்டீரியாவுக்கான தனி பாட்டில் வேண்டும். 6 முதல் 8 வாரம் காக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுக்காக பிசிஜி மருந்தை உள்ளே செலுத்திக்கொண்டவர்களுக்கும் அதே பாட்டில்தான். அந்த பிசிஜி கிருமி பெருந்தமனியில் குடியேறியது பதிவாகியிருக்கிறது.

புரூசெல்லாவுக்குக் காய்ச்சாத பால், கன்று ஈன்ற மாடு பற்றிக் கேட்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் செப்டிகம் அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலைட்டிகஸ் முளைத்தால் பெருங்குடல் புற்று இருக்கிறதா என்று கொலனோஸ்கோபி செய்யாமல் விடக் கூடாது.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. கையில் அடைத்துப்போய், பயன்படுத்தாமல் விட்ட பழைய பிடிஎஃப்இ கிராஃப்ட்டில் வெளியே சிவப்போ வீக்கமோ இல்லாமலேயே கிருமி இருக்கலாம். காரணமற்ற காய்ச்சல், குறைந்துகொண்டே போகும் ஆல்புமின், ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டும் ஏறாத ஹீமோகுளோபின் மூன்றும் சேர்ந்தால் அந்தப் பழைய கிராஃப்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

இப்போது ஸ்கேன். முதலில் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஸ்கேன்), நெஞ்சிலிருந்து தொடை இடுக்கு வரை. அப்பாவுக்கு நடுமுதுகு வலி இருப்பதால் முதுகெலும்பையும் அதன் பக்கத்து சோவாஸ் தசையையும் பார்க்கச் சொல்லுங்கள்; கிராஃப்ட்டுக்குப் பின்னால் சீழ் சேர்ந்தால் முதலில் அரிபடுவது அவைதான். மெலியாய்டோசிஸ் சந்தேகம் இருந்தால் கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்கு ப்ராஸ்டேட் ஆகியவற்றில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்பதும் அதே ஸ்கேனில் தெரிய வேண்டும். அறுவை முடிந்து 3 மாதத்துக்குப் பிறகும் கிராஃப்ட்டைச் சுற்றி நீர் இருப்பது, 7 வாரத்துக்குப் பிறகும் காற்றுக் குமிழ் இருப்பது இரண்டும் இயல்பல்ல. 2016-ல் இங்கிலாந்து ரத்தக்குழாய் நிபுணர்கள் முன்னெடுத்து வகுத்த மேஜிக் அளவுகோலில் இவை பெரிய அறிகுறிகள். அதன்படி ஒரு பெரிய அறிகுறியோடு, வேறு வகையைச் சேர்ந்த இன்னொரு அறிகுறியும் இருந்தால் கிராஃப்ட் தொற்று என்று உறுதி செய்கிறார்கள். வேறு மூலம் தெரியாத பாசிடிவ் ரத்தக் கல்ச்சரும், ஏறிய சிஆர்பியும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) அந்த இரண்டாவது வகையில் வரும்.

சிடி தெளிவாக இல்லையென்றால் பெட்-சிடி: கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி, அதை அதிகம் இழுக்கும் இடம் ஒளிர்வதைப் பார்க்கும் ஸ்கேன். அதற்குத் தயாராவதில்தான் பல தவறுகள். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை 200-க்குக் கீழே. மெட்ஃபார்மின் குடலைப் பளிச்சென்று ஒளிர வைக்கும். கிராஃப்ட்டுக்கு முன்னால் படிந்திருக்கும் டியோடினம் ஒளிர்ந்தால் கிராஃப்ட்டா குடலா என்று பிரித்தறிய முடியாது. 48 மணி நேரம் முன்பு அதை நிறுத்தி வேறு மருந்தால் சர்க்கரையைச் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். டேக்ரான் முழுக்க ஒரே சீராக மங்கலாக ஒளிர்வது கிருமி இல்லாதவர்களிலும் வருடக்கணக்கில் காணக்கூடியது. ஓர் இடத்தில் மட்டும் திட்டாக, ஒழுங்கற்று, சுற்றுத் திசு வரை ஒளிர்ந்தால்தான் கவலை. ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல் இந்த வடிவத்தைக் கேளுங்கள்.

உறுதியானால் சிகிச்சை இரண்டு கால்களில் நிற்கிறது: மருந்து, அறுவை. மெலியாய்டோசிஸ் என்றால் செஃப்டாசிடிம் 2 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது நிலைமை கடுமையாக இருந்தால் மெரோபெனம் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டும் சிறுநீரகத்துக்கு ஏற்ப மாற்றி. சாதாரண மெலியாய்டோசிஸுக்குக் குறைந்தது 2 வாரம் போதும். ரத்தக்குழாய் தாக்கப்பட்டால் ஆஸ்திரேலியாவின் டார்வின் வழிகாட்டி சொல்வது 8 வாரம் ஊசி. அதன்பின் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 6 மாதம். செயற்கை கிராஃப்ட் உள்ளே இருந்தால் வாழ்நாள் முழுக்க. 60 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 160/800 மி.கி. மாத்திரை 2, காலையும் இரவும். 40 முதல் 60 கிலோ என்றால் ஒன்றரை. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும். முதல் வாரங்களில் பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அணுக்கள் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியம் சட்டென்று ஏறும். சரியான மருந்து தொடங்கியும் காய்ச்சல் அடங்க ஒன்பது பத்து நாள் ஆவது இந்த நோயில் வழக்கம். நான்காம் நாள் காய்ச்சல் இருக்கிறதே என்று மருந்தை மாற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

மருந்து மட்டும் போதுமா என்றால், கிராஃப்ட் உள்ளேயே இருக்கும்வரை பெரும்பாலும் அடக்கி வைக்கத்தான் முடியும். உடல் தாங்குமானால் கிருமி பிடித்த கிராஃப்ட்டை முழுவதும் எடுத்து, சுற்றியுள்ள கெட்ட திசுவையும் சுரண்டி, புதுக் குழாய் வைப்பதே வேரோடு தீர்ப்பது. புதுக் குழாய்க்கு நோயாளியின் சொந்தத் தொடை ஆழ்சிரையை எடுத்துத் தைக்கலாம்: உயிருள்ள திசு, கிருமியை எதிர்க்கும், ஆனால் அறுவை நீண்டது, பலவீனமானவர் தாங்கமாட்டார். மாட்டின் இதய உறையைக் குழாயாகத் தைத்தும், உறைநிலையில் காத்த தானத் தமனியைக் கொண்டும் செய்கிறார்கள். ரிஃபாம்பிசினில் ஊறவைத்த டேக்ரான் இன்னொரு வழி. இது ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸுக்கு ஏற்றது. சூடோமாலே, ஈ.கோலை போன்றவற்றுக்கு அதை நம்பி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சீழ் நிறைய இருந்தால் பெருந்தமனியின் முனையைக் கட்டிவிட்டு, அக்குளிலிருந்து தொடைக்குத் தோலுக்கடியில் புதுப் பாதை போடுவார்கள். கட்டிய முனை பின்னால் வெடிக்கும் அபாயம் அந்த வழியோடு எப்போதும் உண்டு. எதைச் செய்தாலும் புதுக் குழாயைச் சுற்றி வயிற்றின் கொழுப்புத் திரையைப் போர்த்துவது நல்ல பழக்கம். குடலுக்கும் குழாய்க்கும் நடுவே ரத்த ஓட்டமுள்ள மெத்தையாக அது நிற்கும்.

அறுவை நடந்தால், எடுத்த கிராஃப்ட் எங்கே போகிறது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். முழுவதையும் ஃபார்மலின் டப்பாவில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும்; கல்ச்சர் செய்ய எதுவும் மிஞ்சாது. கிராஃப்ட்டின் துண்டுகள், சுற்றுத் திசு, நீர் என்று குறைந்தது 3 தனித்தனி மாதிரிகள் ஃபார்மலின் இல்லாத சுத்தமான டப்பாவில் நேரே மைக்ரோபயாலஜிக்குப் போக வேண்டும்; பஞ்சுக்குச்சியில் தடவி அனுப்புவது போதாது. வசதி இருந்தால் ஒலியதிர்வால் படலத்தை உதிர்த்து அந்த நீரைக் கல்ச்சர் போடுவார்கள். முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்ததால் ஒன்றும் முளைக்காவிட்டால், 16எஸ் பிசிஆர் மூலம் பெயரைக் கண்டுபிடிக்க அதே துண்டில் கொஞ்சத்தை உறையவைத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அறுவை வேண்டாம் என்று முடிவானால், மாத்திரைதான் அவரைக் காக்கும். சிஆர்பி இயல்புக்கு வந்து, ஸ்கேனில் நீர் வற்றி, அப்பா மறுபடி வயலுக்குப் போகத் தொடங்கிய பிறகும் யாரோ ஒரு புது மருத்துவர் ‘இன்னும் எதற்கு இந்த மாத்திரை?’ என்று நிறுத்தக்கூடும். ‘பெருந்தமனி கிராஃப்ட், மெலியாய்டோசிஸ், கோ-ட்ரைமாக்சசோலை நிறுத்த வேண்டாம்’ என்று ஓர் அட்டையில் எழுதி, கிராஃப்ட் வைத்த தேதியையும் அதன் வகையையும் சேர்த்து, அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும்படி செய்யுங்கள். வயலில் இறங்கும்போது முழங்கால் வரை பூட்ஸ். காலில் புண் இருக்கும் நாளில் சேற்றில் இறங்க வேண்டாம்.